எவர்ஷெட் விளைவு: கொடைக்கானலில் எழுந்த கேள்வியும் நூறாண்டு கழித்து வந்த விடையும்

சூரியப்புள்ளியின் ஓரப் பகுதியில் வாயு நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்கிறது. இந்தப் பாய்ச்சலே எவர்ஷெட் விளைவு எனப்படுகிறது. பழனிமலைத் தொடரில் ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள கொடைக்கானல் சூரிய வானாய்வகத்தில், 1909ஆம் ஆண்டு ஜனவரி 5 அன்று ஜான் எவர்ஷெட் இதைக் கண்டறிந்தார். கண்டறிவதற்குச் சில நாள்களே தேவைப்பட்டன. ஆனால் வாயு ஏன் அவ்வாறு பாய்கிறது என்பதைக் கோட்பாட்டு வானியற்பியல் விளக்குவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆயின. பஞ்சத்துக்கு விடை தேடிக் கட்டப்பட்ட ஓர் ஆய்வகம் எப்படிச் சூரிய இயற்பியலின் அடிப்படைக் கேள்வி ஒன்றை உலகுக்குத் தந்தது என்பதையும், அக்கேள்விக்கு அண்மைக்கால ஆய்வுகள் தந்துள்ள விடையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பஞ்சத்தில் பிறந்த ஆய்வகம்

1876ஆம் ஆண்டில் தொடங்கிய தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் உயிர்களைப் பலிகொண்டது. பருவமழை பொய்ப்பதை முன்கூட்டியே அறிய முடியுமா என்ற கேள்வி அரசின் முன் எழுந்தது.

சூரியப்புள்ளிகளின் எண்ணிக்கை சுமார் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைவதை ஜெர்மனியைச் சேர்ந்த சாமுவேல் ஹைன்ரிக் ஷ்வாபே 1840களில் வெளியிட்டிருந்தார். சென்னையில் பெய்த மழையின் அளவுகளை இச்சுழற்சியோடு ஒப்பிட்டு, தென்னிந்தியாவின் வறட்சியும் சூரியனைப் பின்பற்றி வருகிறது என்று வில்லியம் ஹண்டர் 1877இல் எழுதினார். வானியலாளர் நார்மன் லாக்கியரும் அவருடன் சேர்ந்து இக்கருத்தை வலியுறுத்தினார். பின்னர் அமைந்த பஞ்ச ஆணையமும் சூரியனைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய சென்னை வானாய்வகம் அப்போது இயங்கி வந்தது. எனினும் கடலோர நகரின் வானம் நுட்பமான சூரிய ஆய்வுக்கு ஏற்றதாக இல்லை. 1891இல் அதன் பொறுப்பை ஏற்ற சார்லஸ் மிச்சி ஸ்மித், நீலகிரியையும் பழனிமலையையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கொடைக்கானலைத் தேர்ந்தெடுத்தார். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரல் 1 முதல் ஆய்வகம் இந்திய அரசின் கீழ் வந்தது. மலைக்கு மோட்டார் சாலை திறக்கப்படாத காலம் அது. 1850இல் சென்னைக்காக வாங்கப்பட்ட 6 அங்குலத் தொலைநோக்கியும் மலைக்குக் கொண்டுவரப்பட்டது.

1904இல் ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்னும் கருவி நிறுவப்பட்டது. சூரிய ஒளியிலிருந்து ஒரு குறிப்பிட்ட தனிமத்தின் ஒளியை மட்டும் பிரித்தெடுத்து, அவ்வொளியில் சூரியனைப் படம்பிடிப்பது அதன் வேலை. கால்சியத்தின் ஊதா ஒளியில் எடுத்த படங்கள் கண்ணாடித் தட்டுகளில் நாள்தோறும் சேரத் தொடங்கின.

ஜான் எவர்ஷெட்

ஜான் எவர்ஷெட் (1864–1956) இங்கிலாந்தின் சரே மாவட்டத்தைச் சேர்ந்தவர். லண்டனில் தொழில்துறை வேதியியல் பணியில் இருந்துகொண்டு, சொந்த ஆய்வகம் அமைத்துச் சூரியனைக் கவனித்து வந்தார். 1898ஆம் ஆண்டின் முழுச் சூரிய கிரகணத்தைக் காண இந்தியாவுக்கு வந்திருக்கிறார். 1907இல் கொடைக்கானல் ஆய்வகத்தின் உதவி இயக்குநரானார். 1911 முதல் 1923 வரை இயக்குநராக இருந்தார்.

அவருடைய மனைவி மேரி அக்வொர்த் எவர்ஷெட்டும் வானியலாளர். சூரியனின் விளிம்பிலிருந்து எழும் தீப்பிழம்புகளைப் பற்றி இருவரும் சேர்ந்து எழுதிய விரிவான ஆய்வை 1917இல் கொடைக்கானல் ஆய்வகம் வெளியிட்டது.

1908இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ஜார்ஜ் எல்லரி ஹேல், சூரியப்புள்ளிகளில் வலிமையான காந்தப்புலம் இருப்பதைக் கண்டறிந்தார். பூமிக்கு வெளியே காந்தப்புலம் அளக்கப்பட்டது அதுவே முதல் முறை. மின்னேற்றம் பெற்ற வாயு சுழல்வதால் இப்புலம் தோன்றுகிறது என்று அன்று கருதினர். அப்படியானால் சூரியப்புள்ளி ஒரு சூறாவளியைப் போலச் சுழல வேண்டும். அச்சுழற்சியை நிறமாலையில் பார்க்க முடியுமா என்பதே அன்றைய எதிர்பார்ப்பு.

1909 ஜனவரி 5

சூரியப்புள்ளிக்கு இரண்டு பகுதிகள் உண்டு. நடுவில் இருண்டிருப்பது கருநிழல். அதைச் சுற்றி, பூவிதழ்களின் வரிகளைப் போல இழை இழையாகத் தெரியும் மங்கலான வளையம் புறநிழல். பெரிய புள்ளி ஒன்றினுள் நம் பூமி முழுவதையும் வைத்துவிடலாம்.

அன்று எவர்ஷெட் இரண்டு பெரிய புள்ளிகளின் நிறமாலையைப் படமெடுத்தார். புள்ளியைக் கடந்து செல்லும் இடத்தில் நிறமாலைக் கோடுகள் நேராக இல்லை. ஒரு பக்கம் சிவப்பை நோக்கியும் மறுபக்கம் நீலத்தை நோக்கியும் சற்றே முறுக்கியிருந்தன.

இதன் பொருளை அறிய டாப்ளர் விளைவை நினைவில் கொள்ள வேண்டும். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் உரத்த சுருதியிலும், கடந்து சென்றபின் தாழ்ந்த சுருதியிலும் கேட்கிறது. ஒளியும் அவ்வாறே. நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி நீலப் பக்கமும், விலகிச் செல்லும் வாயுவின் ஒளி சிவப்புப் பக்கமும் நகரும். வினாடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் நகரும் வாயுவால் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ ஒன்றரை இலட்சத்தில் ஒரு பங்கே மாறும். அத்தனை சிறிய நகர்வைக் காட்டத் தெளிவான வானமும் நுட்பமான நிறமாலை வரைவியும் வேண்டும். கொடைக்கானலில் இரண்டும் இருந்தன.

முறுக்கத்தைக் கண்டதும், ஹேல் சொன்ன சுழற்சியே இது என்றுதான் எவர்ஷெட் முதலில் எண்ணினார். ஆனால் அத்துடன் நிற்கவில்லை. நிறமாலை வரைவியின் பிளவைப் புள்ளியின் மீது வெவ்வேறு கோணங்களில் வைத்து மீண்டும் மீண்டும் படமெடுத்தார்.

இந்தச் சோதனையின் தர்க்கம் எளிது. சூரியத் தட்டின் விளிம்புக்கு அருகே ஒரு புள்ளி இருப்பதாகக் கொள்வோம். அதை நாம் சாய்வாகப் பார்க்கிறோம். வாயு குடை ராட்டினம்போலச் சுழன்றால், சூரிய விளிம்புக்கு இணையாகப் பிளவை வைக்கும்போது நகர்வு மிகுதியாகத் தெரிய வேண்டும். தட்டின் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிய திசையில் வைத்தால் நகர்வு தெரியக் கூடாது. கிடைத்ததோ இதற்கு நேர்மாறானது. மையம்–விளிம்பு திசையில் வைத்தபோது நகர்வு மிகுதி. இணையாக வைத்தபோது நகர்வு இல்லை. சூரியத் தட்டின் நடுவே இருக்கும் புள்ளிகளிலும் நகர்வு மறைந்தது. ஆகவே வாயு சுழலவில்லை. மேலும் கீழுமாகவும் பெரிதாக நகரவில்லை. சூரியப் பரப்பின் மீது கிடைமட்டமாக, புள்ளியின் மையத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளிநோக்கிப் பாய்கிறது.

எதிர்பார்த்த விடையைச் சோதனைக்கு உட்படுத்தி அதையே கைவிட்டதுதான் இக்கண்டுபிடிப்பின் சிறப்பு. முடிவுகள் 1909ஆம் ஆண்டிலேயே கொடைக்கானல் ஆய்வகத்தின் 15ஆம் அறிக்கையில் வெளிவந்தன. மவுண்ட் வில்சனில் சார்லஸ் செயின்ட் ஜான் 1913இல் இதை உறுதி செய்தார். உயரே உள்ள நிறமண்டலத்தில் பாய்ச்சல் உள்நோக்கித் திரும்பிவிடுவதும் தெரியவந்தது.

ஏன் இது புதிராக இருந்தது?

பாய்ச்சல் இருப்பது உறுதியானது. அதன் காரணம் மட்டும் தெரியவில்லை. மூன்று சிக்கல்கள் இருந்தன.

முதலாவது, வாயுவின் வரவு செலவு. 10,000 கிலோமீட்டர் அகலமுள்ள புறநிழலை வினாடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் போதும். பெரிய புள்ளிகளோ வாரக்கணக்கில் நீடிக்கின்றன. அப்படியானால் வாயு எங்கிருந்தோ இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். வெளியேறும் வாயு எங்கோ மறையவும் வேண்டும். ஆனால் புறநிழலின் வெளி ஓரத்துக்கு அருகிலேயே பாய்ச்சல் பெரும்பாலும் நின்றுபோவதாகத் தெரிந்தது.

இரண்டாவது, காந்தப்புலம். சூரியனில் உள்ள வாயு மின்னேற்றம் பெற்ற பிளாஸ்மா. அது காந்தக் கோடுகளோடு பிணைந்தே நகரும் என்று ஸ்வீடனைச் சேர்ந்த ஹானஸ் ஆல்வென் 1940களில் காட்டினார். கயிற்றில் கோத்த மணி கயிற்றின் வழியே எளிதாக நகரும். குறுக்கே இழுத்தால் கயிறும் சேர்ந்து வரும். பிளாஸ்மாவும் அப்படித்தான். பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு வலிமையான புலம் உள்ள புள்ளியில் வாயு எந்த வழியாகப் பாய்கிறது என்பது எளிய கேள்வியல்ல.

மூன்றாவது, வெப்பம். உலையில் கொதிக்கும் நீரைப்போலச் சூரியனின் வெளி அடுக்கில் சூடான வாயு மேலே வந்து, குளிர்ந்து, கீழே இறங்குகிறது. இது வெப்பச்சலனம். வலிமையான காந்தப்புலம் இந்தச் சலனத்தைத் தடுப்பதால்தான் புள்ளி குளிர்ந்து இருண்டிருக்கிறது என்று லுட்விக் பியர்மன் 1941இல் விளக்கினார். சூரியப் பரப்பின் வெப்பநிலை ஏறத்தாழ 5,800 கெல்வின், கருநிழலில் ஏறத்தாழ 4,000 கெல்வின். ஆனால் புறநிழல் அந்த அளவுக்கு இருண்டதல்ல. சாதாரணப் பரப்பு வெளிவிடும் ஒளியில் ஏறத்தாழ முக்கால் பங்கை அதுவும் வெளிவிடுகிறது. சலனம் தடைபட்டிருந்தால் இவ்வளவு வெப்பம் எப்படி மேலே வருகிறது?

கோட்பாடுகளின் வரிசை

1968இல் ஃபிரீட்ரிக் மேயர், ஹெர்மன் ஷ்மிட் ஆகிய ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒரு விளக்கத்தை முன்வைத்தனர். புறநிழலில் காந்தக் கோடுகள் வளைந்த குழாய்களைப்போல உள்ளன. குழாயின் இரு முனைகளில் வாயு அழுத்தம் வேறுபட்டால், மிகுந்த அழுத்தமுள்ள முனையிலிருந்து குறைந்த முனைக்கு வாயு தானே பாயும். ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு வளைந்த குழாய் வழியே நீரை இறக்கும் சைபன் முறையை ஒத்தது இது. பாய்ச்சலை இது விளக்கியது. புறநிழலின் வெளிச்சத்துக்குத் தேவையான வெப்பத்தை மட்டும் விளக்கவில்லை.

1998இல் ரோல்ஃப் ஷ்லிக்கன்மையரும் உடன் ஆய்வாளர்களும், சூடான வாயு நிறைந்த மெல்லிய காந்தக் குழாய் ஆழத்திலிருந்து மேலெழுந்து பரப்பில் படுத்துக்கொள்வதைக் கணினியில் கணக்கிட்டனர். மேலே வந்த வாயு வெளிநோக்கி ஓடியது. இம்முறையில் பாய்ச்சலும் வெப்பமும் ஓரளவு இணைந்தன. ஆனாலும் ஒற்றைக் குழாய் ஒன்று புறநிழல் முழுவதற்கும் வெப்பம் தரப் போதவில்லை.

2006இல் ஸ்வீடனைச் சேர்ந்த யோரன் ஷார்மரும் ஜெர்மனியில் பணிபுரிந்த ஹெங்க் ஸ்ப்ரூயிட்டும் வேறு கோணத்தில் கேட்டனர். புறநிழலின் ஒவ்வோர் இழையும் வெப்பச்சலனம் நிகழும் இடைவெளியாக இருந்தால் என்ன? அதாவது காந்தப்புலம் சலனத்தை முழுமையாக நிறுத்தாமல், அதன் வடிவத்தை மட்டும் மாற்றுகிறதோ?

கணினிக்குள் ஒரு சூரியப்புள்ளி

இக்கேள்வியைப் பென்சிலாலும் தாளாலும் தீர்க்க இயலாது. வாயுவின் ஓட்டம், காந்தப்புலம், ஒளி வழியே வெப்பம் பரவுதல் ஆகிய மூன்றையும் ஒரே சமயத்தில், ஒவ்வொரு சிறு கட்டத்திலும் கணக்கிட வேண்டும். மீத்திறன் கணினிகள் வளர்ந்த பிறகே அது கைகூடியது.

2009இல் மத்தியாஸ் ரெம்பல், மான்ஃபிரெட் ஷூஸ்லர், மைக்கேல் க்னோல்கர் ஆகியோர் முழுமையான சூரியப்புள்ளி இணை ஒன்றைக் கணினியில் உருவாக்கி, 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். ஏறத்தாழ 98,000 கிலோமீட்டர் நீளமும் 49,000 கிலோமீட்டர் அகலமும் 6,000 கிலோமீட்டர் ஆழமும் உள்ள சூரியப் பகுதியை ஏறத்தாழ 180 கோடிப் புள்ளிகளாகப் பிரித்துக் கணக்கிட்டனர். புறநிழல் இழைகள் எப்படி அமைய வேண்டும் என்று அவர்கள் முன்கூட்டியே கட்டளையிடவில்லை. இயற்பியல் சமன்பாடுகளைத் தீர்க்கத் தீர்க்க இழைகள் தாமே தோன்றின. அவற்றோடு எவர்ஷெட் கண்ட வெளிநோக்கிய பாய்ச்சலும் தோன்றியது.

அதிலிருந்து கிடைத்த விளக்கத்தை இப்படிச் சுருக்கலாம். காந்தப்புலம் இல்லாத இடத்தில், மேலே வந்த வாயு எல்லாப் பக்கமும் சமமாகப் பரவிக் கீழே இறங்கும். கருநிழலில் புலம் செங்குத்தாகவும் வலிமையாகவும் இருப்பதால் சலனம் பெருமளவு அடங்கிவிடும். புறநிழலில் புலம் சாய்ந்து கிடக்கிறது. அங்கே சூடான வாயு மேலே வர முடிகிறது. ஆனால் எல்லாப் பக்கமும் பரவ முடிவதில்லை. சாய்ந்த புலம் அதை வெளிநோக்கித் திருப்பிவிடுகிறது. வட்டமாக இருக்க வேண்டிய சலன வட்டம் ஒரே திசையில் நீண்ட இழையாகிறது. அந்த இழையின் வழியே ஓடும் வாயுவே எவர்ஷெட் பாய்ச்சல். ஓடிக் குளிர்ந்த வாயு இழையின் பக்கங்களிலும் முனையிலும் கீழே இறங்குகிறது. வாயுவின் வரவு செலவுக்கும் புறநிழலின் வெப்பத்துக்கும் ஒரே விடை கிடைத்தது.

கணினி காட்டியது சூரியனில் உண்மையாக நிகழ்கிறதா? அப்படியானால் புறநிழலின் உள்ளேயே குளிர்ந்த வாயு கீழிறங்கும் மெல்லிய தடங்கள் இருக்க வேண்டும். லா பால்மா தீவில் உள்ள ஸ்வீடனின் 1 மீட்டர் சூரியத் தொலைநோக்கியால் ஷார்மர் குழுவினர் அத்தகைய கீழிறக்கங்களைக் கண்டு 2011இல் அறிவித்தனர். வெளி ஓரத்தில் அழுத்த வேறுபாட்டின் பங்கு எவ்வளவு என்பன போன்ற நுணுக்கங்களில் விவாதம் தொடர்கிறது. ஆயினும் வெப்பச்சலனமும் சாய்ந்த காந்தப்புலமும் சேர்ந்து விளைவிப்பதே இப்பாய்ச்சல் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் கருத்து.

கண்டுபிடிப்பின் நூற்றாண்டையொட்டி 2008 டிசம்பரில் பெங்களூரில் பன்னாட்டு மாநாடு நடந்தது. இந்திய அஞ்சல் துறையும் அப்போது சிறப்பு அஞ்சல் தலை வெளியிட்டது.

கண்ணாடித் தட்டுகளின் மறுவாழ்வு

கொடைக்கானலின் பங்களிப்பு ஒரு நாள் கண்டுபிடிப்போடு முடியவில்லை. 1904 முதல் சேர்ந்த கண்ணாடித் தட்டுகள் இன்று வேறொரு கோட்பாட்டுக்கு உதவுகின்றன. 11 ஆண்டுச் சுழற்சி ஏன் சில சமயம் வலுவாகவும் சில சமயம் தளர்ந்தும் இருக்கிறது என்பதே அக்கேள்வி.

சூரியப்புள்ளிகள் பெரும்பாலும் இணையாகத் தோன்றும். அந்த இணை சூரிய நடுக்கோட்டுக்கு இணையாக இல்லாமல் சற்றுச் சாய்ந்திருக்கும். புள்ளிகள் சிதையும்போது, இந்தச் சாய்வின் காரணமாக அவற்றின் காந்தப்புலத்தில் ஒரு பகுதி துருவங்களுக்குச் சென்று சேர்கிறது. அதுவே அடுத்த சுழற்சிக்கு விதையாகிறது. ஹோரஸ் பாப்காக் 1961இலும் ராபர்ட் லேட்டன் 1969இலும் முன்வைத்த இக்கருத்தின்மீது இன்றைய சூரிய டைனமோ கோட்பாடுகள் பல எழுந்துள்ளன.

இது ஏட்டளவில் நின்ற கோட்பாடு அல்ல. 24ஆம் சுழற்சி முந்தையதைவிட 30 முதல் 50 விழுக்காடு வலுவாக இருக்கும் என்று அமெரிக்காவில் மௌசுமி திக்பதி குழுவினர் 2006இல் கணித்தனர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் அர்ணப் ராய் சௌத்ரி, பியாலி சாட்டர்ஜி, ஜீ ஜியாங் ஆகியோர் 2007இல் அது சுமார் 35 விழுக்காடு தளர்ந்திருக்கும் என்றனர். இரு தரப்பும் பயன்படுத்தியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கோட்பாடுகளே. 2014இல் உச்சத்தை அடைந்த அச்சுழற்சியின் சராசரிப் புள்ளி எண் சுமார் 116. முந்தைய சுழற்சியில் அது சுமார் 180. பெங்களூர்க் கணிப்பே மெய்யானது.

ஒரு சுழற்சியில் சரியாக வந்தது போதுமா? பல சுழற்சிகளில் சோதித்தால்தான் கோட்பாடு நிற்கும். ஆனால் துருவக் காந்தப்புலத்தை முறையாக அளக்கத் தொடங்கியதே 1970களில்தான். இங்கேதான் பழைய தட்டுகள் கைகொடுத்தன. காந்தப்புலம் உள்ள இடங்கள் கால்சியம் ஒளியில் பளிச்சென்று தெரியும். ஆகவே துருவப் பகுதியின் பளிச்சிடும் வலைப்பின்னலை அளந்தால் புலத்தின் வலிமையை மறைமுகமாக மதிப்பிடலாம். 1909 முதல் 1990 வரையிலான கொடைக்கானல் படங்களைக் கொண்டு இந்திய வான் இயற்பியல் நிறுவன ஆய்வாளர்கள், சௌத்ரி உள்ளிட்ட கோட்பாட்டாளர்களோடு சேர்ந்து 2014இல் இப்படியோர் அளவீட்டை வெளியிட்டனர். அதேபோல மரியா தாசி எஸ்புய்க் குழுவினர் 2010இல், கொடைக்கானலின் 1906–1987 பதிவுகளையும் மவுண்ட் வில்சன் பதிவுகளையும் கொண்டு, வலுவான சுழற்சிகளில் புள்ளி இணைகளின் சராசரிச் சாய்வு குறைவாக இருப்பதைக் காட்டினர். சூரியன் தன் வலிமையைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் வழிகளில் இது ஒன்றாக இருக்கலாம்.

மழைக் கேள்வி என்ன ஆயிற்று?

பருவமழையைச் சூரியப்புள்ளிகளால் முன்னறிய முடியும் என்ற நம்பிக்கை நிறைவேறவில்லை. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கரின் பொறுப்பில்தான் கொடைக்கானலும் இருந்தது. கணித அறிஞரான அவர் மழையையும் சூரியப்புள்ளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பயன்படத்தக்க வலுவான தொடர்பு கிடைக்கவில்லை. மாறாக, பசிபிக் பெருங்கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையே காற்றழுத்தம் ஊசலாடுவதைக் கண்டறிந்தார். தென் அலைவு எனப்படும் அதுவே இன்று எல் நினோ முன்னறிவிப்பின் அடித்தளம். பஞ்சம் எழுப்பிய கேள்விக்கான விடை சூரியனில் அல்ல, கடலில் இருந்தது.

அதனால் கொடைக்கானலின் உழைப்பு வீணாகவில்லை. சூரியனின் காந்தப் புயல்கள் செயற்கைக்கோள்களையும் மின்கட்டமைப்பையும் தாக்குகின்றன. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணமே இருளில் மூழ்கியது. இன்று சூரியனை முன்னறிய விரும்புவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம். 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலத்தின் ஒளிவட்டம் நோக்கும் கருவியை உருவாக்கியது இந்திய வான் இயற்பியல் நிறுவனம். கொடைக்கானல் ஆய்வகத்தை இன்று நடத்துவதும் அதே நிறுவனம்தான்.

எவர்ஷெட் தன் பாய்ச்சலுக்குக் காரணம் தெரியாமலேயே 1956இல் மறைந்தார். கால்சியத் தட்டுகளை நாள்தோறும் எடுத்தவர்களுக்கு டைனமோ கோட்பாடு தெரியாது. காரணம் தெரியாத நிலையிலும் கண்டதைக் கண்டபடி அளந்து, தேதியிட்டு, பாதுகாத்து வைத்தார்கள். புதிய கருவி எத்தனை வலியதானாலும் 1909ஆம் ஆண்டின் சூரியனை மறுபடி படமெடுக்க அதனால் இயலாது. கோட்பாடு எந்த நாட்டில், எந்தக் கணினியில் பிறந்தாலும், கடந்த நூற்றாண்டின் சூரியனோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்க அது பழனிமலைத் தட்டுகளிடம் வந்தாக வேண்டியிருக்கிறது.